பி.பி. அறிக்கையில் 78 சதவீதம் 'கட்டுப்பாட்டில்': நம்பலாமா?

கேள்வி (கோத்தகிரி பக்கம், ஆரம்ப சுகாதார நிலையம்)
மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறோம். பதிவெல்லாம் டேப்லெட்டில். ஒரே ஆள் இரண்டு பதிவாக வருகிறார். லைன் வீடுகள் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு) பக்கம் டவர் கிடைக்காமல் போன வாரப் பதிவு இன்னும் ஏறவில்லை. அறிக்கையோ 78 சதவீதம் கட்டுப்பாட்டில் என்கிறது. எங்கிருந்து சரிபார்க்க?

தரவு_மேசை
கடைசியிலிருந்து வாங்க. 78-ஐ எதால் வகுத்தாங்க? வந்தவங்களால் மட்டும் வகுத்தால் எப்பவும் அழகாத்தான் வரும். மூணு மாசத்துக்கு முன்னாடியே பதிவான எல்லாரும் பின்னத்தின் கீழே வரணும். அவங்களில், கடந்த மூணு மாசத்துக்குள் கடைசியா எடுத்த அளவு 140/90-க்குக் கீழ் உள்ளவங்க மட்டும் மேலே. 400 பேர் பதிவு, 200 பேர் வந்தாங்க, 156 பேருக்குச் சரி என்றால் அது 39 சதவீதம். இறந்தவர், ஊர் மாறினவர் தவிர யாரையும் கழிக்காதீங்க. எண் விழுந்தால் மேலிருந்து கேள்வி வரும், குறிப்பு எழுதி அனுப்புங்க.

வராத அந்த 200 பேர் பட்டியலுக்காகத்தான் டேப்லெட்டே. போன தடவை 180/110 தாண்டினவங்களை முதலில் கூப்பிடுங்க. கொழுந்து பறிக்கிறவங்க பகலில் போன் எடுக்க மாட்டாங்க, சாயங்காலம் எடை போட்ட பிறகுதான்.

குன்னூர்க்காரர்
இரட்டைப் பதிவுக்குப் பெரும்பாலும் போன் எண்தான் காரணம். வீட்டுக்கு ஒரு போன், அதில் மாமியார், மருமகள் இரண்டு பேரும். எண்ணை வைத்து ஆளைத் தேடாதீங்க. முதலில் நோயாளி அட்டையில் உள்ள க்யூஆர், அடுத்து 14 இலக்க ஆபா எண் (அரசு தரும் சுகாதார அடையாள எண்), அதுவும் இல்லையென்றால் பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், லைன் எண் மூணும் சேர்த்து. ஒரே ஹட்டியில் (படுகர் ஊர்) பெள்ளி என்ற பெயரில் நாலு பேர் இருப்பாங்க. வயசுக்குப் பதில் பிறந்த வருஷம் போடுங்க, வயசு அடுத்த வருஷமே தப்பாகிடும். இரண்டைச் சேர்க்கும்போது மருந்து விவரம் உள்ள பழைய பதிவை வெச்சுக்குங்க.

பதிவு ஏறும்வரை லாக் அவுட் வேண்டாம், செயலியை அழித்துத் திரும்பப் போடவே வேண்டாம், உள்ளே இருக்கிறது போய்விடும். சார்ஜ் செத்துத் திரும்ப வரும் டேப்லெட்டில் தேதியைப் பாருங்க. பின்னால் போயிருந்தால் இந்த மாசப் பதிவு வேற மாசத்தில் விழும்.

ரெஜிஸ்டர்_பிரியன்
அளவே தப்பென்றால் கணக்கு சரியாகி என்ன? கடைசி 100 அளவுகளின் மேல் எண்ணை எடுத்து, 0-வில் முடிவது எத்தனை என்று எண்ணுங்க. டிஜிட்டல் மெஷின் என்றால் பத்தை ஒட்டி வரணும். முப்பது, நாற்பது வந்தால் யாரோ ரவுண்ட் பண்ணி எழுதறாங்க. இன்னொன்று, நம்ம குளிருக்கு ஸ்வெட்டர் மேலேயே கஃப் (மெஷினின் கைப்பட்டை) சுத்துவாங்க, இல்லையென்றால் ஸ்வெட்டர் கையை இறுக்கமா மடிச்சு விடுவாங்க. இரண்டும் தப்பு, ஸ்வெட்டர் கையைக் கழற்றணும். மேடு ஏறி வந்தவரை அஞ்சு நிமிஷம் உட்கார வைத்துவிட்டுப் பாருங்க.

கேட்டவர்
எண்ணினேன். 100-க்கு 41. அதில் 30 ஒரே டேப்லெட்.

ரெஜிஸ்டர்_பிரியன்
அந்தத் தன்னார்வலரைத் திட்டறதுக்கு முன்னாடி அவங்க மெஷினை வாங்கிப் பாருங்க. கஃப் ட்யூப் ஓட்டையோ, பேட்டரி தீர்ந்ததோ, பாதியிலே எரர் வந்தால்தான் குத்துமதிப்பா எழுதுவாங்க.