இமாம் பசந்த் என்று நட்டேன், பதினொன்றில் கிளிமூக்கு தொங்குகிறது

நத்தம் விவசாயி:
2019 ஆடியில் ஒரு ஏக்கரில் 40 மா ஒட்டுக்கன்று வைத்தேன். நாற்றங்காலில் எல்லாமே இமாம் பசந்த் என்றுதான் கொடுத்தார்கள். பையில் ஸ்கெட்ச் பேனாவால் 'இ.ப.' என்று எழுதியிருந்தது. முதல் மழையிலேயே அழிந்துவிட்டது. இந்த வருஷம்தான் ஒழுங்காகக் காய்ப்பு. 22 மரம் சரியாக இருக்கிறது. 11 மரத்தில் மூக்கு நீண்ட கிளிமூக்கு. ஒன்றில் பல்லில் நார் சிக்குகிற புளிப்புக் காய். மீதி ஆறு இன்னும் பூக்கவில்லை. பழைய பில்லைத் தேடி எடுத்தால் 'மா ஒட்டு – 40' என்று மட்டும் இருக்கிறது, ரகமே இல்லை. போனில் கேட்டால், "உங்க மண்ணு அப்படிங்க" என்கிறார் நாற்றங்கால்காரர். மண் மாறினால் ரகம் மாறுமா? வெட்டிவிட்டுப் புதுசு வைக்கவா?

மாந்தோப்பு:
மண்ணுக்கு ருசி கொஞ்சம் மாறலாம், பசந்துக்கு மூக்கு முளைக்காது! கூழ் ஆலைக்குப் போகிற ரகம் என்பதால் கிருஷ்ணகிரி பக்கம் ஒட்டுக் கட்டக் கிளிமூக்குக் குச்சிக்குப் பஞ்சமே இல்லை. பசந்த் குச்சி பத்தாத அன்றைக்கு எதைக் கட்டியிருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அடுத்த முறை, "தாய் மரம் எங்கே? காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாதவர் வேறெங்கோ வாங்கி விற்பவராக இருக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அரசு தோட்டக்கலைப் பண்ணை, தேசிய தோட்டக்கலை வாரியம் அங்கீகரித்த நாற்றங்கால், இந்த மூன்றில்தான் நான் வாங்குவேன். முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பில்லில் ரகத்தை எழுதி வாங்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

ஒட்டுக் கட்டுபவன்:
அந்த நார்க் காய்க்கு நாற்றங்காலைத் திட்ட வேண்டாம் அண்ணே. அடிமரத்தைப் பாருங்கள். ஒட்டுத் தழும்புக்குக் கீழே இருந்துதான் கிளை வந்திருக்கும். மேலே ஒட்டிய குச்சி பட்டுப்போய், அடியில் இருந்த வேர்ச்செடி வளர்ந்துவிட்டது. முதல் இரண்டு வருஷம் கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

கிளிமூக்கு மரத்தை வேரோடு எடுக்காதீர்கள், ஆறு வருஷ வேர் அது. அறுவடை முடிந்ததும் ஒரு கிளையை மட்டும் விட்டு, மற்றவற்றை இடுப்புயரத்தில் அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவுங்கள். வரும் துளிரில் நல்லதாக நாலைந்தை வைத்துக்கொண்டு ஒட்டுக் கட்டலாம். குச்சிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், காய்த்து நிரூபித்த 22 தாய் மரம் உங்கள் தோப்பிலேயே நிற்கிறதே! குச்சியில் காம்பை விட்டு இலையைக் கிள்ளி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மொட்டு உப்பியதும் வெட்டுங்கள்.

நத்தம் விவசாயி:
தழும்பைப் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். கீழிருந்து இரண்டு கிளை. கிள்ளாதது என் தப்பு. 22 மரத்துக்கும் அடையாளத்துக்கு இன்று வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டேன். கிளிமூக்கில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறாள் மனைவி, ஊறுகாய்க்காம்.