ஸ்டீமிலிருந்து ஹைவ் பிரிந்தபோது எங்கள் ஞாயிறு படக் குழுவும் பிரிந்தது. இப்போது எந்தப் பக்கம் எழுதுவது?

மொட்டைமாடி:

பழைய கதைதான், ஆனால் கேள்வி புதுசு. 2018 முதல் ஸ்டீமிட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்; ஸ்டீம் என்ற பிளாக்செயின் சங்கிலியில் ஓடும் தளம், பதிவுக்கு ஓட்டு விழுந்தால் கிரிப்டோ காசு வரும். நாற்பது பேர் கொண்ட சின்னக் குழு எங்களுடையது. ஞாயிறுதோறும் ஒரு தலைப்பு, ஆளுக்கொரு போன் படம், கீழே நாலு வரி. கதவு, காலி நாற்காலி, இப்படி. வெனிசுவேலா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் என்று எங்கெங்கோ இருந்தவர்கள். ஏழாம் நாள் கணக்கு முடியும்போது ஒரு பதிவுக்கு முப்பது சென்ட் வந்தால் எனக்குப் பெரிது. வெனிசுவேலாக்காரர்களுக்கு அது அரிசிக் காசு.

2020 மார்ச் 20, நம் நேரம் இரவு 7:30. ஸ்டீமிலிருந்து ஹைவ் என்ற புதுச் சங்கிலி தனியாகப் போனது. கணக்கு, பழைய பதிவுகள், கையிருப்பு எல்லாம் இரண்டு பிரதி. ஒரே சாவியில், அதாவது ஒரே கடவுச்சொல்லில், இரண்டு வீடும் திறந்தது. ஆட்கள் மட்டும் இரண்டு பிரதி ஆகவில்லை. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் எங்குமே இல்லை.

நான் ஹைவுக்கு வந்துவிட்டேன். அடுத்த ஜனவரியில் ஏதோ படம் தேடி ஸ்டீம் பக்கம் போனால், என் 'கதவு' பதிவுக்குக் கீழே கராகஸ் தோழி ஏப்ரலில் எழுதிய வரி: "ஊரடங்கில் எப்படி இருக்கிறாய்? பதிலே காணோமே." ஒன்பது மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. ஹைவில் அதே பதிவின் கீழ் பிரிவுக்கு முந்தைய 31 கருத்துகளோடு சரி.

ஞாயிறு படத்தை மறுபடி ஆரம்பிக்க ஆசை. எந்தப் பக்கம் ஆரம்பிப்பது? இரண்டிலும் ஒரே பதிவைப் போட்டால் தப்பா?

முனைக்கடை:

இரண்டிலும் போடாதீர்கள். ஸ்டீமிலும் அதே பதிவைப் பார்த்தால் ஹைவில் பல க்யூரேட்டர்கள் (நல்ல பதிவுகளைத் தேடி ஓட்டுப் போடுபவர்கள்) ஓட்டுப் போடுவதில்லை. சிலர் டவுன்வோட்டே, அதாவது எதிர் ஓட்டே, போடுவார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏன் என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். டிரான் என்ற வேறொரு கிரிப்டோ சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன் 2020 பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தொடக்கத்திலேயே அந்த நிறுவனம் தனக்கென்று எடுத்துவைத்த பெரிய ஸ்டேக்கும் (ஓட்டுப்பலம் தரும் நாணயக் கையிருப்பு) கூடவே போனது. விட்னஸ்கள், அதாவது சங்கிலியை நடத்த ஓட்டில் தேர்வானவர்கள், மிரண்டுபோய் அதை முடக்கினார்கள். மார்ச் 2 அன்று பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய மூன்று கிரிப்டோ சந்தைகளிலும் வாடிக்கையாளர்கள் போட்டுவைத்த ஸ்டீம் நாணயமும் ஓட்டில் இறங்க, முதல் 20 விட்னஸ்களும் மாறினார்கள். அதற்குப் பதில்தான் ஹைவ். அந்தப் பெரிய ஸ்டேக்கை அங்கே பிரதி எடுக்கவில்லை. மே மாதம் ஸ்டீம் பக்கம் 64 கணக்குகளிலிருந்து சுமார் 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமைப் பறித்தார்கள்.

இதெல்லாம் பெரிய கையிருப்புக்காரர்களின் திமிங்கலச் சண்டை. உங்கள் மாதிரிக் குழுவை அடித்தது டெலிகேஷன், அதாவது ஓட்டுப்பலக் கடன். நாற்பது சின்னக் கணக்குகள் ஓட்டுப் போட்டால் தூசுதான் மிஞ்சும், 2 சென்ட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் பூஜ்யம். அதனால் குழுக் கணக்குக்கு யாரோ பெரிய ஆள் ஓட்டுப்பலம் கடன் கொடுத்திருப்பார். பிரிவில் அந்தக் கடனும் இரண்டானது. ஆனால் அவர் ஒரு பக்கத்தை விற்க நினைத்தால், முதலில் கொடுத்ததைத் திரும்ப வாங்கி, அப்புறம் பவர் டவுன், அதாவது பூட்டிய ஸ்டேக்கை வாரவாரம் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பது. அன்றோடு அந்தப் பக்கத்துக் குழு காலி. உங்களுக்கும் இதுதானே நடந்தது?

மொட்டைமாடி:

அதேதான். ஸ்டீம் பக்கம் மே மாதமே எடுத்துக்கொண்டார். சொல்லிவிட்டுத்தான் எடுத்தார், குறை சொல்ல முடியாது. ஞாயிறு தலைப்பை அறிவித்துவந்த பிலிப்பைன்ஸ் அக்கா அந்தப் பக்கம் இருந்தவர். ஜூனில் அவரும் நிறுத்திவிட்டார்.

பழையபிலிம்:

எந்தச் சங்கிலி என்று யோசிக்கும் முன்னால் பழைய பதிவுகளைத் திறந்து படங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சங்கிலியில் இருப்பது எழுத்தும் படத்தின் முகவரியும்தான். படம் வேறு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. என் 2017 பதிவுகளில் பாதிக்கு மேல் வெறும் கட்டம். வெளியே ஒரு இலவசத் தளத்தில் ஏற்றியிருந்தேன், அந்தத் தளமே இப்போது இல்லை. "என்றைக்கும் அழியாது" என்று நம்பி மூலப் படங்களையும் போனிலிருந்து அழித்துவிட்டேன், புத்திசாலி நான்!

அப்புறம், ஆட்களைச் சங்கிலியில் தேடாதீர்கள். நேரே கேளுங்கள்.

மொட்டைமாடி:

நாலு நாள் ஆயிற்று. பதினோரு பேருக்கு எழுதினேன், ஆறு பேர் பதில் போட்டார்கள். நாலு பேர் ஹைவ், ஒருவர் ஸ்டீம், ஒருவருக்குச் சாவி தொலைந்தே போய்விட்டது. புதுக் கணக்கு நான் எடுத்துக் கொடுக்கிறேன். ஹைவிலேயே ஆரம்பிக்கிறோம், இந்த ஞாயிறு தலைப்பு குடை.

கராகஸ் தோழியை வேறெங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டீம் பக்கம் அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் பதில் போட்டுவிட்டு வந்தேன். பழைய சாவி இன்னும் வேலை செய்கிறது.