மறு: மாஸ்க்குக்குச் சொல், நாளைக்குள்

அன்புடையீர், வணக்கம்.

பைத்தான் நிரல்மொழியில் எண் அணிகளைக் கையாளும் நூலகமான நம்பை (NumPy) பற்றிய கையேட்டின் அடுத்த பாடம் நாளை அச்சுக்குப் போகிறது. பல்பரிமாண அணியிலிருந்து (array) வேண்டிய உறுப்புகளை மட்டும் எடுக்கும் செயற்கூறை (function) மாணவர் எழுத வேண்டும். இன்டெக்ஸுக்குச் 'சுட்டெண்' என்று முடிவாகிவிட்டது. எனக்கு அதில் நிறைவுதான். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்றார் தொல்காப்பியர். அணி[0, 2] என்பதும் இடத்தைச் சுட்டுவதுதானே. மிச்சம் மாஸ்க் (mask), அதாவது எந்த உறுப்பு வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கும் மெய்-பொய் அணி.

> 'முகமூடி' எல்லாருக்கும் புரியும். பிறகு ஏன் அலைய வேண்டும்?

புரியும் ஐயா, தலைகீழாகப் புரியும். 4 ஊர், 7 நாள் வெப்பநிலை ஒரு 4×7 அணி. வெப்பம் > 38 என்று எழுதினால் அதே வடிவில் மெய், பொய் நிறைந்த இன்னோர் அணி வரும். அதை வெப்பம்[ ] உள்ளே கொடுத்தால், மெய் உள்ள இடம் கைக்கு வரும். அதே நம்பையின் 'மா' (ma) தொகுதியிலோ மெய் என்றால் அந்த உறுப்பு மறைந்தது என்று பொருள். இரண்டுக்கும் முகமூடி என்றால் மாணவர் எதை நம்புவார்?

> 'சல்லடை' போதும். சலி, சல்லி, சல்லாத்துணி எல்லாமே ஒரு வேர் என்பது என் கணிப்பு.

வேர் இருக்கட்டும். சலிக்கும் வேலையை > 38 என்ற நிபந்தனையே முடித்துவிட்டது. மாஸ்க், எந்த இடம் திறப்பு, எது அடைப்பு என்று மட்டும் சொல்கிறது, கோலமாவு தூவும் துளைத்தட்டு மாதிரி. ஆகவே 'துளையணி'. 'மா'வுக்கு 'மறைப்பணி'.

அப்புறம், பாடத்தில் ஒரு வரி சேருங்கள்: துளையணியால் எடுத்தால் வருவது ஒற்றைப் பரிமாணம், எந்த ஊர், எந்த நாள் என்பது போய்விடும். வடிவம் நிற்க வேண்டுமானால், என்பி.வேர்(வெப்பம் > 38, வெப்பம், என்பி.நான்). இங்கே வேர் என்பது where, நான் என்பது nan, அதாவது மதிப்பில்லா இடம்.

*

அம்மா, 'மறைப்பணி' திருச்சபையில் நற்செய்திப் பணிக்கு வழங்கும் சொல். 'மறைப்பு அணி' என்று பிரித்தே அச்சிடுங்கள். துளையணிக்கு என் வாக்கும் உண்டு.

*

காதில் போடுகிற அணி என்று படிக்கிறவர் இருப்பார். ஆனாலும் நாளை அச்சு, சரி, போடுங்கள்.

*

பெரும்பான்மை துளையணி என்றால் தடுக்கமாட்டேன். ஆனால் என் கருத்து மாறவில்லை. முகமூடியிலும் கண்ணுக்குத் துளை உண்டு, அம்மா.