மார்பக அடர்த்தி, இரத்தத்தில் ஐ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தாரணி, வெள்ளவத்தை

மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட்டில் கட்டி இல்லை, அடர்த்தி (கொழுப்போடு பார்க்கும்போது சுரப்பித் திசு எவ்வளவு என்பது) மட்டும் 'சி' என்று இருந்தது, ஏ முதல் டி வரை நாலு படியில் மூன்றாவது. ரேடியோலொஜி டொக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு வெள்ளைத் திட்டின் மேல் பேனை முனையை வைத்து, "கொழுப்பு கறுப்பாத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளை. இதுக்குள்ள ஒண்டு ஒளிஞ்சிருந்தா நான் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது, சொல்லுங்கோ?" என்று என்னைக் கேட்டா. அந்தப் பேனை முனை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அன்றைக்கே அல்ட்ராசவுண்டும் செய்தார்கள், ஒன்றும் இல்லை. கையால் தடவிப் பார்த்தால் அடர்த்தி தெரியவே தெரியாதாம், படத்தில்தான் தெரியும்.

நிஷா, கொட்டாஞ்சேனை

தாரணி அக்கா, என் மச்சாளுக்கு 'டி'. அவ எங்கேயோ வாசித்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு தனியார் லாப்பில் ஐ.ஜி.எஃப்.-1 பார்த்தா. முடிவு வந்த இரவு, சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, மேல் எல்லைக்குக் கிட்ட இருந்த அந்த எண்ணைச் சுற்றி நீலப் பேனையால் திரும்பத் திரும்ப வட்டம் போட்டதில் தாளே கிழிந்துவிட்டது. பிள்ளைகள் பேசாமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஹோர்மோன் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கை, கால், தாடை பெருக்கிறவர்களுக்கும் உயரம் வளராத பிள்ளைகளுக்கும் பார்க்கிற டெஸ்ட் இது, மார்பகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அனுப்பிவிட்டார். மச்சாள் இப்போதும் பால் தேத்தண்ணி தொடுவதில்லை.

வசந்தி, தெஹிவளை

நிஷா, சம்பந்தமில்லை என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த காலத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வளர்ச்சி ஹோர்மோன் தூண்ட, ஈரல்தான் ஐ.ஜி.எஃப்.-1இல் பெரும்பகுதியைச் செய்கிறது, இரத்தத்தில் அதில் அதிகமானதைப் பிடித்து வைத்திருப்பது ஐ.ஜி.எஃப்.பி.பி.-3 என்ற இன்னொரு புரதம். அமெரிக்கத் தாதியரின் இரத்த மாதிரிகளை வைத்து 2000இல் வந்த ஆய்வில், மாதவிடாய் நிற்காத பெண்களிடம் ஐ.ஜி.எஃப்.-1 கூடக் கூட அடர்த்தியும் கூடியிருந்தது, நின்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. 2010இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐ.ஜி.எஃப்.-1 மிகக் கூடினவர்களுக்கு மிகக் குறைந்தவர்களைவிட மார்பகப் புற்றுநோய் ஆபத்து 28 சதவீதம்தான் கூட. அடர்த்தியோ அதைவிடப் பெரிய விஷயம்: படத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளையாக இருப்பவர்களுக்கு, வெள்ளையே இல்லாத மாதிரி இருப்பவர்களைவிட ஆபத்து 4 மடங்குக்கு மேல். ஆகவே தொடர்பு உண்டு, ஆனால் தனி ஒருத்தியின் எண்ணைப் பார்த்து அவளுடைய ஆபத்தைக் கணக்குப் போட முடியாது. உங்கள் டொக்டர் இதை ஆறுதலாக விளக்கியிருந்தால் மச்சாள் இவ்வளவு பயந்திருக்க மாட்டா.

பாலை விடச் சொல்லாதீர்கள். பால் குடிப்பவர்களுக்கு ஐ.ஜி.எஃப். கொஞ்சம் கூடுவது உண்மைதான், அதற்காக எலும்புக்கு வேண்டியதை விடுவதா? மாதவிடாய் நின்ற பிறகு ஹோர்மோன் குளிசை எடுத்தால் படம் எடுக்கிற இடத்தில் கட்டாயம் சொல்லுங்கள், ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்ட்டினும் சேர்ந்தது அடர்த்தியைக் கூட்டும். பழைய படங்களை எறியாமல் ஒவ்வொரு முறையும் கொண்டு போங்கள், ஒப்பிட்டால்தான் புதிதாக வந்தது தெரியும். 35 வயதானவர்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைப் பக்கத்து வெல் வுமன் கிளினிக்குக்கு (பெண்கள் நலப் பரிசோதனை நிலையம்) போங்கள், காசு இல்லை, மார்பையும் பார்ப்பார்கள். அம்மாவின் கட்டியை முதலில் பிடித்தது அங்கே இருந்த ஒரு மிட்வைஃப்பின் விரல்தான். அம்மா சட்டைப் பொத்தானைப் பூட்டப் போகும்போது, "கொஞ்சம் இருங்கோ அம்மா" என்று திரும்பவும் கையை வைத்தா.

ரேவதி, பம்பலப்பிட்டி

இதெல்லாம் வாசித்துவிட்டு என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், அடர்த்தி பற்றி ஒரு சொல் இல்லை. அமெரிக்காவில் 2024 செப்டெம்பரிலிருந்து அதைப் பெண்ணுக்கு எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும். இங்கே நாங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை போகிறேன், ஏ-யா பி-யா சி-யா டி-யா என்று எழுதித் தராமல் வரமாட்டேன். வசந்தி அக்கா, பழைய படம் சிடியில் இருந்தால் போதுமா, ஃபிலிமே வேண்டுமா?