மேற்கு வெயில் ஹாலுக்கு ஒரிஜினல் நிலக்காட்சி ஓவியம்: வாட்டர்கலரா, ஆயிலா?

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)
வணக்கம். ராயக்கோட்டை ரோடு பக்கம் புது வீடு. தென்பெண்ணை, பாறைக் குன்று, மாந்தோப்பு என்று நம்ம பக்கத்து இடங்களையே வரைகிற ஒருவரிடம் ஓவியம் வாங்கப் போகிறோம். அவரிடம் வாட்டர்கலர் அரை ஷீட் (15க்கு 22 இன்ச்) தயாராக இருக்கிறது. ஆயிலில் 24க்கு 36 வரைந்தும் தருவாராம். ஹாலில் இரண்டு சுவர்தான் காலி. ஒன்று மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே. மற்றது சோபாவுக்குப் பின்னால், அதற்கு அந்தப்பக்கம் பாத்ரூம். சோபா 78 இன்ச் நீளம், முதுகு 34 இன்ச் உயரம், சீலிங் 10 அடி. பிரேம் கடையில் "எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில ஒட்டி லேமினேஷன் போட்டுடலாம், கண்ணாடியே வேணாம்" என்கிறார்கள். சரிதானா?

தகடூரான்
ஓவியத்துக்கு முன்னால் சுவரைப் பாருங்க. மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மதியம் மூன்று மணியிலிருந்து நேர் வெயில் விழும். வாட்டர்கலருக்கு அது ஆகவே ஆகாது. ஆயில் கொஞ்சம் தாங்கும், ஆனால் தினமும் சூடேறி ஆறினால் கேன்வாஸ் தளர்ந்து இறுகி, நாளடைவில் பெயின்ட் வெடிக்கும். கனமான திரை போட்டு மூடுவீர்கள் என்றால் மட்டும் அந்தச் சுவரை யோசிக்கலாம்.

பாத்ரூம் சுவரில் பிரச்சினை ஓதம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு நாள் விடுங்க. ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. டைல்ஸ் இடுக்கையும் பைப்பையும் சரிசெய்யாமல் அங்கே எதையும் மாட்டக்கூடாது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் ஈரம், பயமில்லை. புதுப் பூச்சு காய நாளாகும். நம்ம பக்கம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரைதான் நல்ல மழை. அந்த ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் இன்னொரு தடவை ஷீட்டை ஒட்டிப் பாருங்க.

சுவர் தேறிவிட்டால் அளவு. சோபா நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை படம் பிடித்தால் பார்க்க நிறைவாக இருக்கும். உங்களுக்கு 52 முதல் 58 இன்ச். 24க்கு 36 ஆயில் அங்கே ஒற்றையாகச் சிறுத்துத் தெரியும். இரண்டு அரை ஷீட் வாட்டர்கலரை, சுற்றிலும் இரண்டரை இன்ச் மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் கனமான அட்டை), அரை இன்ச் பிரேமோடு போட்டால் ஒவ்வொன்றும் 28க்கு 21. நடுவில் 2 இன்ச் விட்டால் மொத்தம் 58. என் ஓட்டு இதற்குத்தான்.

உயரத்துக்கு "படத்தின் நடு தரையிலிருந்து 58 இன்ச்" என்பார்கள். அது வெறும் சுவருக்கு. சோபாவுக்கு மேல் அப்படி மாட்டினால் படம் அந்தரத்தில் நிற்கும். சோபா முதுகிலிருந்து 8 இன்ச் விட்டு பிரேம் அடி வரட்டும், அதாவது 42. பிரேமின் பின்னால் கட்டிய கம்பியை இழுத்துப் பிடித்தால் அது பிரேம் மேல்விளிம்புக்கு 3 இன்ச் கீழே நிற்கிறது என்று வையுங்க: 42ம் 21ம் 63, அதில் 3 போனால் 60. கொக்கி 60 இன்ச்சில்.

பிரேம்பட்டறை
கடைக்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீங்க. போஸ்டருக்கு அது போதும், ஒரிஜினலுக்குக் கூடாது. லேமினேஷன் சூடும் பசையும் காகிதத்தில் ஏறினால் திரும்ப எடுக்கவே முடியாது. ஓவியத்தின் மதிப்பு அங்கேயே போச்சு.

வாட்டர்கலரை ஆசிட் இல்லாத மவுண்ட் போர்டில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஆசிட் இல்லாத டேப்பால் தொங்கவிடணும். கீழே ஒட்டக்கூடாது, மழைக்காலத்தில் காகிதம் விரிய இடம் வேணும். நாலு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை அலையாக எழும்பும். மைதா பசை தொடவே வேண்டாம், வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. 2 எம்.எம். கண்ணாடி போதும், ஆனால் அது ஓவியத்தில் ஒட்டக்கூடாது. மவுண்ட் கனம்தான் அந்த இடைவெளி. பின்னால் ஹார்ட்போர்டுக்குப் பதில் 3 எம்.எம். ஏ.சி.பி. ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) போடச் சொல்லுங்க, ஈரமும் ஏறாது, கரையானும் தின்னாது. பிரேமின் பின்பக்கம் கீழ் மூலை இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். பெரும்பாலான கடைகளில் நாம கேட்காமல் இதைச் செய்வதில்லை.

இந்த அளவுக்குக் கண்ணாடியோடு மூன்று, மூன்றரை கிலோ வரும். பூச்சு மட்டுமே அரை இன்ச்சுக்கு மேல் இருக்கும். ஆணி அதில் மட்டும் நின்றால் பெயர்ந்து விழும். 6 எம்.எம். பிட்டால் இரண்டு இன்ச் ஆழம் துளைத்து, பிளக் செங்கல்லுக்குள் போகிற மாதிரி அடிங்க. ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி. கதவு அறைந்தாலும் கோணாது. பாத்ரூம் பைப் எந்த வழியாகப் போகுது என்று பிளம்பரிடம் கேட்காமல் டிரில்லைத் தொடாதீங்க. துடைக்கும்போது ஸ்ப்ரேயைத் துணியில் அடிங்க, கண்ணாடியில் அடித்தால் நீர் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

மாந்தோப்பு
நன்றி தகடூரான் சார், பிரேம்பட்டறை அண்ணா. வாட்டர்கலர் ஜோடிதான். ஒரிஜினலா பிரிண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளைக்காரர் வரைந்த ராயக்கோட்டை மலைப் படம் ஒன்றும் ஆன்லைனில் விற்கிறார்கள், "ஒரிஜினல்" என்று. ஸ்பாட்லைட் எங்கே வைக்கணும்?

ஊதாமலை
அது டேனியல்கள் படமாக இருக்கும். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792ல் பாரமகால் (நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தின் பழைய பெயர்) வழியாகப் போனபோது மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். பிறகு லண்டனில் தாமிரத் தகட்டு அச்சாக வெளியிட்டார்கள். ஆகவே பழைய பிரதியே ஆனாலும் அது அச்சுப் படம்தான். மலிவாகக் கிடைப்பது இந்தக் கால மறுஅச்சு. சுவருக்கு அழகுதான், ஒரிஜினல் விலை கொடுக்காதீங்க.

வாட்டர்கலரைச் சோதிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடிங்க. அல்ட்ராமரின் நீலம் காகிதத்தின் குழிகளில் பொடிப்பொடியாகத் தங்கியிருக்கும், தூரத்து மலையிலும் நிழலிலும் பளிச்சென்று தெரியும். வெளிர் இடங்களில் பென்சில் கோடு தட்டுப்படும். போனின் மேக்ரோவில் சீரான புள்ளிகள் தெரிந்தால் பிரிண்ட்.

ஓவியரிடம் இரண்டு கேளுங்க. காகிதம் நூறு சதவீதம் பருத்தி, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம்) தானா? நிறமிகள் வெளுக்காதவையா? அலிசரின் கிரிம்சன் (டியூபில் நிறமி எண் பி.ஆர். 83), ஓபரா பிங்க் இரண்டும் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். அந்திவானத்துக்கும், நம்ம கிரானைட் பாறையின் இளஞ்சிவப்புக்கும் பலர் கை நீட்டுவது இவற்றைத்தான். கொஞ்ச வருஷத்தில் சிவப்பு போய் வானம் சாம்பலாக நிற்கும். மாற்றாக குயினக்ரிடோன் வகைச் சிவப்பு இருக்கிறது.

ரசீதில் தலைப்பு, அளவு, ஊடகம், வரைந்த ஆண்டு, கையெழுத்து வாங்கிக்கங்க. தயாராக இருந்த படத்தை வாங்கினால் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். நீங்க காசு கொடுத்து வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை 1957 காப்புரிமைச் சட்டப்படி அது உங்களுக்கு. பல ஓவியர்களுக்கே இது தெரியாது. பின்னாடி மனக்கசப்பு வராமல் முன்னாடியே பேசிடுங்க.

லைட்: செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு. உங்க சீலிங்குக்கும் படத்தின் நடுவுக்கும் கணக்குப் போட்டால் சுவரிலிருந்து மூன்றேகால் அடி தள்ளி வரும். இன்னும் தள்ளினால் எதிரே இருந்து பார்ப்பவர் கண்ணாடியில் பல்பைத்தான் பார்ப்பார். 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி), சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் உள்ள எல்.இ.டி. வாங்குங்க. வெள்ளை வெளேர் 6500 போட்டால் மண் நிறமெல்லாம் செத்துப்போகும்.