பன்னிரண்டு வயதுக் குண்டுமல்லியைக் கவாத்து செய்யலாமா?

கேள்வி

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் தாயார் வைத்த குண்டுமல்லிச் செடிக்கு இப்போது 12 வயதாகிறது. நான்கு ஆண்டுகளாக யாரும் அதில் கத்தரி வைக்காததால், புதர் என் தலைக்கு மேல் வளர்ந்து, துணி காயப்போடும் கொடியையும் பற்றிக்கொண்டுவிட்டது. வெளியே பச்சையாகத் தெரிந்தாலும், கிளைகளை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஓர் இலைகூட இல்லாமல் காய்ந்த சிம்புகள் பின்னிக் கிடக்கின்றன. முன்பு சித்திரை மாதத்தில் நாள்தோறும் கிண்ணம் நிறைய அரும்பு பறித்தோம். இந்த ஆண்டு கைப்பிடி அளவுகூடத் தேறவில்லை. தாயார் இப்போது இல்லை. அவர் கையால் வைத்த செடி பட்டுப்போய்விடுமோ என்ற அச்சத்தில், கத்தரியை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். ஐப்பசி மழை பெய்யும் இந்நேரத்தில் வெட்டலாமா, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

அஞ்ச வேண்டாம், அம்மா. குண்டுமல்லி புதுத் துளிர்களில்தான் அரும்பு கட்டும் என்பதால், வெட்டாமல் விடுவதுதான் அதற்குக் கெடுதல். மதுரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதை முழுவதும் வெட்டிவிடுவோம். அதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வெட்டியபின் தூரைச் சுற்றிக் கொத்தி, 10 கிலோ மக்கிய தொழுஉரம் இட்டுத் தண்ணீர் விட்டால், பங்குனியில் அரும்பு தலைகாட்டும். முல்லைக்கும் பிச்சிக்கும் இந்தப் பருவம் பொருந்தாது. பிச்சியை டிசம்பர் கடைசியிலும் முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்டுவார்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன பருவம் சரியே. ஆனால் ஆண்டுதோறும் கவாத்து கண்ட தோட்டச் செடியையும் நான்கு ஆண்டு விட்டுப்போன வீட்டுச் செடியையும் ஒன்றாகக் கருத எனக்கு மனம் வரவில்லை. முதலில் காய்ந்த சிம்புகளை மட்டும் எடுங்கள். ஐயமுள்ள கிளையின் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டினால், உயிருள்ளதில் ஈரமான பச்சை தெரியும். பட்டதில் பழுப்பு நிறமே இருக்கும். பிறகு மிகப் பழைய, தடித்த கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைத் தூரோடு அறுத்துவிட்டு, மீதியை 50 செ.மீ. உயரத்தில் வெட்டினால், நடுவில் வெயிலும் காற்றும் புகும். மல்லியில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருப்பதால், கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பெரும்பாலும் இருபுறமும் துளிர் வரும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் கண்டபின் வெட்டுங்கள்; தடித்த வெட்டுவாய்களில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சணத் தடுப்புப் பசை) தடவுவது நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று சுரண்டிப் பார்த்தேன். காய்ந்ததாக நினைத்த கிளைகளில் பாதிக்கு மேல் பச்சையாகத்தான் இருக்கின்றன. கார்த்திகைக்குக் காத்திருக்கிறேன்.

மறுமொழி 3

அம்மா, வெட்டிய கிளைகளை எறிந்துவிடாதீர்கள். முற்றியும் முற்றாமலும் உள்ள தண்டுகளை மூன்று நான்கு கணுக்களோடு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண் நிரப்பிய தொட்டியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். பத்துத் தண்டு ஊன்றினால் சிலவாவது வேர்பிடிக்கும். உங்கள் தாயார் வைத்த அதே செடி, இன்னொரு தூராகவும் உங்களிடம் இருக்கும்.