பழைய டிரில்லிங் மெஷினில் ஸ்டார்ட்டர் மாட்டினோம், பச்சையை அமுக்கினால் உறுமுது, இழுக்கலை

மண்டபம் பட்டறை:
வணக்கம். விசைப்படகு வேலை பார்க்கிற பட்டறை. பழைய பில்லர் டிரில்லிங் மெஷின், சிங்கிள் பேஸ் மோட்டார், 1 ஹெச்பி, 230 வோல்ட், பிளேட்டில் 6.8 ஆம்பியர். இதுவரை ரோட்டரி சுவிட்சில் ஓடியது. கரன்ட் போய் வந்தால் தானாகச் சுற்ற ஆரம்பிக்குது. சக்கில் கை இருக்கும்போது அப்படி ஆனால் விரல் போயிரும். அதனால் 1 ஹெச்பி டிஓஎல் ஸ்டார்ட்டர் (கரன்ட் போய் வந்தாலும் பச்சையை அமுக்கினால்தான் மோட்டாரை ஓட்டும் பட்டன் பெட்டி) வாங்கி மாட்டினோம். பச்சையை அமுக்கினால் உள்ளே கான்டாக்டர் (காயில் காந்தமாகி இழுத்து மூடும் சுவிட்ச்) உறுமுது, இழுக்கலை. தீய்ஞ்ச வாடையும் வருது. எங்கே தப்பு?

பாம்பன் ஒயர்மேன்:
முதல்ல மெயினை அணைங்க தம்பி. காயில் மேல எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு? ஓவர்லோடு ரிலே, அதான் ஆம்பியர் அதிகமானா மோட்டாரை நிறுத்துறது, அது டயல்ல என்ன எண் இருக்கு? ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்க.

மண்டபம் பட்டறை:
காயில் 415. டயல் 1.4 முதல் 2.3. இன்னொன்று, சாயங்காலம் பக்கத்து ஐஸ் கம்பெனி ஓட ஆரம்பித்தால் இங்கே 195 வோல்ட்தான் வருது.

பாம்பன் ஒயர்மேன்:
அது த்ரீ பேஸ் ஸ்டார்ட்டர். 415 காயிலுக்கு 230 கொடுத்தா பாதிக்குச் சற்று மேலதான் வோல்ட், காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத வரை ஏசி காயில் அதிக ஆம்பியர் இழுத்துக்கிட்டே இருக்கும், அந்தச் சூடுதான் வாடை. அதே சைஸ் கான்டாக்டருக்குக் காயில் மட்டும் தனியாகக் கிடைக்கும். உங்க லைனுக்கு 220 வோல்ட் காயிலே வாங்குங்க. கான்டாக்டர் நிச்சயமா இழுக்க காயில் வோல்ட்டில் 85 சதவீதம் வேணும்: 240 காயிலுக்கு 204, 220 காயிலுக்கு 187. உங்க 195-ல் 240 காயில் நம்ப முடியாது.

ரிலேயும் மாத்தணும். த்ரீ பேஸ் 1 ஹெச்பி சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும், உங்க மோட்டார் 6.8. ரிலே 6 முதல் 10 வரை உள்ளது வாங்கி, டயலை 6.8-ல் வைங்க. அதைவிட ஏத்தி வச்சா மோட்டாருக்குக் காவல் இல்லை.

மண்டபம் பட்டறை:
இரண்டும் மாற்றியாச்சு. இப்போ பச்சையில் விரல் இருக்கிற வரைதான் ஓடுது, எடுத்தால் நின்றுவிடுது. அமுக்கிப் பிடித்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் ரிலே ட்ரிப் ஆகுது.

கீழக்கரை எலக்ட்ரிகல்:
விரலை எடுத்ததும் நிற்பது ஹோல்டிங் (பச்சையை விட்ட பிறகும் காயிலுக்கு கரன்ட் கொடுக்கும் இணைப்பு) இல்லாததால். ட்ரிப் வேற காரணம். பெட்டிக்குள் கம்பெனி போட்ட கன்ட்ரோல் ஒயரைக் கழற்றிவிட்டு இப்படிப் போடுங்க சார்.

கன்ட்ரோல் (எண்கள் எல்லாம் முனைகளில் போட்டிருப்பவை; ஏ1, ஏ2 காயில் முனைகள்): கான்டாக்டர் 1-ல் வரும் பேஸிலிருந்து ரிலே 95, 96-லிருந்து சிவப்பு பட்டன், சிவப்பிலிருந்து பச்சை, பச்சையிலிருந்து ஏ1. ஏ2 நியூட்ரலுக்கு, அதாவது 3-க்கு. 13, 14 கான்டாக்டர் இழுத்ததும் சேரும் துணை முனைகள்: 13-ஐ சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள முனையில் கொடுங்க, 14-ஐ ஏ1-ல். 13-ஐ சிவப்புக்கு முன்னால் எடுத்துட்டா சிவப்பை அமுக்கினாலும் மெஷின் நிற்காது. டிரில்லிங் மெஷினில் இதைவிட ஆபத்தான தப்பு இல்லை.

பவர்: பேஸ் கான்டாக்டர் 1-ல், நியூட்ரல் 3-ல். ரிலேயின் 2-லிருந்து ஒரு லூப் (இணைப்பு ஒயர்) மேலே எடுத்து கான்டாக்டர் 5-ல் கொடுங்க. மோட்டார் ஒயர் ரெண்டும் ரிலேயின் 4, 6-லிருந்து. ரிலேயின் மூன்று காலிலும் ஒரே கரன்ட் போகணும். ஒரு கால் காலியாக இருந்தால் பேஸ் போனதாக எடுத்துக்கொண்டு ரிலே சீக்கிரம் ட்ரிப் ஆகும், உங்களுக்கு நடப்பது அதுதான். பவருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர், கன்ட்ரோலுக்கு 1. எர்த் ஒயர் பெட்டிக்கும் மோட்டார் பாடிக்கும் கட்டாயம். கெப்பாசிட்டரைத் தொட வேண்டாம், அது மோட்டாரோடவே இருக்கட்டும்.

தொண்டி மோட்டார் ரீவைண்டிங்:
ஒயரிங் சரி. கடல் ஓரத்தில் பெட்டியும் முக்கியம். தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி55 பெட்டி போடுங்க, ஒயர் எல்லாம் அடிப்பக்கக் கிளாண்டு (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் வாய்) வழியாக மட்டும், மேலே துளை வேண்டாம். ஒயர் முனையில் ஈயம் பூசிய லக் போட்டு முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்க, களிம்பு ஏறாது. ஆனால் கான்டாக்டரின் காந்த முகத்தில் வாசலினோ எண்ணெயோ எதுவும் படக்கூடாது. பசை பிடித்தால் சிவப்பை அமுக்கிய பிறகும் ஒட்டிக்கொண்டே நிற்கும். அங்கே துரு ஏறி உறுமினால் உலர்ந்த துணியால் துடைங்க, உப்புத்தாள் வேண்டாம்.

முதலில் மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு கான்டாக்டரை மட்டும் இழுத்துப் பாருங்க. பிறகு மோட்டாரைக் கொடுத்து, ஓடும்போதே எம்சிபியை (லைன் பிரேக்கர் சுவிட்ச்) அணைத்து மறுபடி போடுங்க. பச்சையை அமுக்காமல் அசையக்கூடாது.

மண்டபம் பட்டறை:
லூப்பும் 13, 14-ம் போட்டாச்சு. விரலை எடுத்தாலும் ஓடுது, சிவப்பில் நிற்குது. எம்சிபியை அணைத்துப் போட்டும் பார்த்தேன், அசையலை. பெட்டி நாளைக்கு மாற்றுகிறேன். நன்றி அண்ணே, எல்லாருக்கும்.